கெர்னல் மாறினால் வைஃபை ஏன் போகிறது?

"அங்கிள், அப்டேட் போட்டேன். வைஃபையே காட்டல."

சிட்லபாக்கத்தில் பழைய மடிக்கணினிகளைச் சரிசெய்து, லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவரும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. 2011இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து 2007இல் அதை வெளியிட்டது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம். திறமூல மென்பொருள் பணியில் அதோடு சேர்ந்து நின்ற ஏயு-கேபிசி ஆய்வு மையம், இதோ பக்கத்தில், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கிறது. நம் பகுதி ஆட்கள் உழைத்த விஷயம் இது. வைஃபை போனதும் "மெஷின் செத்துப்போச்சு" என்று எடைக்குப் போடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்டேட்டில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவர்கள், மாட்யூல் என்ற துண்டுகளாக, அந்தந்தக் கெர்னல் பதிப்பின் எண்ணைத் தாங்கிய ஃபோல்டரில் இருக்கும். பெரும்பாலானவை கெர்னலோடு சேர்ந்தே வந்துவிடும். தொல்லை, வெளியிலிருந்து சேர்ப்பவற்றில்தான்: என்விடியா கிராஃபிக்ஸ், சில பிராட்காம் வைஃபை சில்லுகள். ஒரு பதிப்புக்காகக் கம்பைல் செய்த மாட்யூலை இன்னொரு பதிப்பு பொதுவாக ஏற்காது.

டெல் பொறியாளர்கள் 2003இல் எழுதிய டிகேஎம்எஸ் என்ற கருவி இதற்காகவே வந்தது. டிரைவரின் மூலநிரலை வைத்திருந்து, புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் அதற்கேற்ப மறுபடி கம்பைல் செய்துவிடும். ஆனால் கம்பைலுக்குத் தேவையான, அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் பேக்கேஜ் இல்லாவிட்டால் அதற்குக் கை கட்டிப்போட்ட நிலைதான். என்னிடம் வரும் மெஷின்களில் பெரும்பாலும் இதுதான் குறை. டெபியனில், பதிப்பு எண் இல்லாத பொதுவான ஹெடர் பேக்கேஜைப் போட்டுவைத்தால், கெர்னல் மாறும்போது ஹெடரும் கூடவே மாறும்.

ஹெடர் இருந்தும் கம்பைல் தோற்பதுண்டு. உதாரணமாக, பிராட்காம் தன் வைஃபை டிரைவரின் லினக்ஸ் தொகுப்பைக் கடைசியாக வெளியிட்டது 2015இல். அதன்பின் வந்த கெர்னல்களுக்கு ஏற்றபடி அதைத் திருத்தி வருபவர்கள் டெபியன், உபுண்டு போன்றவற்றின் பராமரிப்பாளர்கள். அவர்கள் திருத்தம் வரும்வரை கம்பைல் தோற்கலாம். ஆகவே அப்கிரேட் முடிந்ததும் உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்து, புதுக் கெர்னலின் எண்ணுக்கு நேரே 'இன்ஸ்டால்டு' என்று வந்திருக்கிறதா பாருங்கள். செக்யூர் பூட் போட்ட கணினி என்றால் மாட்யூலுக்குக் கையொப்பமும் வேண்டும். அதற்கான சாவியை ஒருமுறை பதிய, ரீஸ்டார்ட்டின்போது நீலத்திரை ஒன்று வரும். பயந்து தாண்டிவிடாதீர்கள்.

டெபியனில் கெர்னல் பேக்கேஜின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் புதியது வந்தாலும் பழையது அழிவதில்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை திரும்பிவிடும். புதியது சில நாள் ஒழுங்காக ஓடும்வரை இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பழையதை நீக்கவே கூடாது.

பழையதையும் நீக்கியாகிவிட்டதா? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங்கைப் போடுங்கள். அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. அந்த நெட்டில் ஹெடரை இறக்கிப் போட்டால் டிகேஎம்எஸ் தானே கம்பைலைத் தொடங்கும்.