மஞ்சள் வரியின் மெய்யும் பொய்யும்

வரப்போரத்து வெட்டுக்காயப் பூண்டின்மேல் காலை வெயில் ஏறியதும் விருந்தினர் இருவர் வருவர். ஒருவர் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி. மற்றவர் மஞ்சளும் கருமையும் பட்டையிட்ட வயிற்றையுடைய சிறு ஈ. பூவின் முன் காற்றிலேயே அசையாது நின்று, பின்பு அமரும். குளவியென அஞ்சிக் கையை இழுத்துக்கொள்வோம். அதற்குக் கொடுக்கே இல்லை. மலர் ஈ என்போம். வண்ணத்துப்பூச்சிகளுக்கு வகைதோறும் பெயர்சூட்டி மகிழ்ந்த நாம், இதற்குப் பெயரிடச் சோம்பிவிட்டோம்.

இரண்டும் தேனுண்ணிகளே; வாய்தான் வேறு. வண்ணத்துப்பூச்சி கூட்டுறையைக் கிழித்து வெளிவரும்போது அதன் உறிஞ்சுகுழல் இரு கீற்றுகளாகப் பிளந்தே கிடக்கும். சுருட்டியும் நீட்டியும் அவற்றைப் பொருத்தி, பூச்சியே தன் குழலை ஆக்கிக்கொள்கிறது. ஆழத்துத் தேனை அது எட்டும். பூந்தாதை உண்ண உதவாது. மலர் ஈயின் வாய் குட்டை, நுனி பஞ்சு போன்றது. தேனை ஒற்றி எடுக்கும், தாதையும் விழுங்கும். பெண் ஈயின் முட்டை முதிரத் தாதிலுள்ள புரதம் வேண்டும். வரியனோ அந்தப் புரதத்தில் பெரும்பங்கைப் புழுவாயிருக்கையிலேயே சேர்த்துக்கொள்கிறது.

ஆதலின் இவ்விரண்டின் வேற்றுமையைப் பூவில் தேடுவதினும் இளமையில் தேடுவதே முறை. வரியனின் புழு எருக்கிலை தின்று வளரும். நெஞ்சத் துடிப்பைக் குலைக்கும் எருக்கின் நஞ்சை ஓரளவு தன் உடலில் தேக்கிக்கொள்ளும். சிறகு முளைத்த பின்னும் அந்நஞ்சு எஞ்சும். சுவைத்துக் குமட்டிய பறவை மறுமுறை அந்நிறத்தை நாடாது.

மலர் ஈயின் புழுவுக்குக் காலுமில்லை, கண்ணுமில்லை. அவரைக்கொடியில் மொய்த்திருக்கும் அசுவினிக் கூட்டத்தினிடையே ஊர்ந்து, தலையால் துழாவி, அகப்பட்டதைக் கவ்வி உறிஞ்சிச் சக்கையை எறியும். வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கில் தீர்த்துவிடும். உழவருக்கு இதைவிட நல்ல கூலியாள் இல்லை. ஆயினும் பலர் இலைப்புழுவென்று நசுக்கிவிடுகின்றனர். இவ்வுணவால் எருக்குப்பால் போன்ற காவல் எதுவும் அதற்குக் கிட்டுவதில்லை. எனவே வளர்ந்த ஈ குளவியின் உடையை இரவல் வாங்கிக்கொண்டது. தீங்கற்றது தீங்குள்ளதன் கோலம் பூணும் இவ்வுத்தியை, அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளை ஆய்ந்து 1862இல் விளக்கியவர் ஆங்கிலேய இயற்கையறிஞர் என்றி வால்ட்டர் பேட்சு.

வேடத்தில் ஒரு குறையுண்டு. குளவிக்குச் சிறகு நான்கு, ஈக்கு இரண்டே. பின்சிறகுகள் குறுகி, முனை தடித்த சிறு கோல்களாகிவிட்டன. முன்சிறகுகளோடு அதிர்ந்து உடல் திரும்புவதை உணர்த்துபவை அவையே. காற்றில் நிலைத்து நிற்கும் திறன் அவற்றால் வாய்த்தது. பசித்த பறவை சிறகுகளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை.