உல்லாசப் பயணிகளின் வாகனமும் எமது வீதிகளும்

சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் கந்தளாய் வீதியால் திருகோணமலை நோக்கி வரும் வான்களும் கார்களும் கூடத் தொடங்கும். புரட்டாசி பிறக்கும்வரை இந்த ஓட்டம் இருக்கும். பின்பு படிப்படியாகக் குறைந்துவிடும். ஏன் இந்த மாதங்களில் மட்டும் உல்லாசப் பயணிகள் எம்மிடம் வருகிறார்கள்? விடை விவசாயிகளாகிய எமக்கு நன்கு தெரிந்த மழைதான். ஐப்பசி தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவமழை எமது பெரும்போகத்தை நடத்துகிறது. அந்நாட்களில் எமது கடல் கொந்தளிக்கும்; பயணிகள் காலிப் பக்கம் போய்விடுவார்கள். வைகாசியில் தென்மேற்கில் மழை பிடிக்க, இங்கே வானம் வெளித்துக் கடல் குளம்போல் கிடக்கும்.

ஆகவே உல்லாசப் பயணக் காலமும் எமது சிறுபோகக் காலமும் ஒன்றே. குளத்து நீர் கிடைக்கும் குடும்பத்துக்கு அது வேலைக் காலம். மானாவாரிக் காணியை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கும், இடம்பெயர்ந்து உறவினர் வளவில் குந்தியிருப்பவர்களுக்கும் அது கை சும்மா இருக்கும் காலம். இந்த வாகனங்களைப் பற்றி நாம் சற்று விளக்கமாக எழுதுவது இதன் காரணமாகத்தான்.

வெளிநாட்டார் பெரும்பாலும் கட்டுநாயக்காவில் இறங்கி, ஒரு வாகனத்தைச் சாரதியோடு வாடகைக்குப் பிடித்து, இரண்டு கிழமைக்குள் தீவைச் சுற்றிவிடுவார்கள். அனுராதபுரம், சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி என்பது வழக்கமான சுற்று. வறண்ட மாதங்களில் ஹபரணையிலிருந்து ஒரு கிளையாகத் திருகோணமலையும் சேரும். சிலர் ஓட்டோவை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டி வருவதையும் காண்கிறோம். ஆனால் சாரதியோடு வருபவர்களே அதிகம். எந்தக் கடையில் நிறுத்துவது, எந்தக் கோயிலுக்குத் திரும்புவது, அங்கே என்ன கதை சொல்வது என்பதையெல்லாம் பெரும்பாலும் அந்தச் சாரதியே தீர்மானிக்கிறார். சாரதி வழிகாட்டிகளுக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. எமது இளைஞர்களும் அதற்கு முயலலாம்.

வீதியின் கதையையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்புக்குப் போகும் கரையோர வீதியில் முன்பு கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என ஒவ்வொரு துறையிலும் வாகனத்தைப் 'பாதை'யில் ஏற்றி மறுகரை சேர வேண்டியிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் அவித்த சோளனும் கருவாடும் விற்றுப் பிழைத்த குடும்பங்கள் பல. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. தொடர்ந்து மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும் எவரும் இதைக் குறை சொல்லமாட்டார். ஆனால் முன்பு துறையில் மணிக்கணக்கில் நின்ற வாகனம் இன்று நிற்காமல் எம்மைக் கடந்து போகிறது. அதோடு, பெருவீதிக்குப் பாலம் வந்ததால் உள்ளூர் வழிக்கும் வந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாதிருந்த நிலையில், 2021 நவம்பர் 23ஆந் திகதி மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். நிலாவெளியில் குளித்துவிட்டுப் பாசிக்குடாவுக்குப் போகும் பயணிக்கு இது தெரிய வழியில்லை.

அப்படியானால் அவர்கள் எதைத்தான் காண்கிறார்கள்? நிலாவெளிக் கடற்கரை, 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாமலை, கோட்டைக்குள் மேயும் மான்கள், கோணேசர் கோயில். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கோட்டை கட்டியதைப் பல சாரதிகள் சொல்வார்கள். 1956இல் கடலடியில் கோயிலின் சிதைவுகளை ஆதர் சி. கிளார்க்கின் குழுவினர் கண்டதையும் சிலர் சொல்வார்கள். ஆனால் கோயில் இடிபட்ட பின் கோணைநாயகர் வழிபாடு தம்பலகாமத்து வயல்களின் நடுவே தொடர்ந்தது என்பதை யார் சொல்வது? கண்டி வீதியில் தம்பலகாமச் சந்தியை நூறு வாகனம் கடந்தாலும் ஆதிகோணநாயகர் கோயிலுக்கு ஒன்று திரும்பினால் பெரிது. கந்தளாய்க் குளக்கட்டில் படம் பிடிப்பவர்களுக்கும், அந்தக் கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது தெரியாது.

கன்னியாவும் அப்படித்தான். ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒவ்வொரு சூட்டில் இருப்பது பயணிக்கு வேடிக்கை. எமது மக்களுக்கோ அது அந்தியேட்டிக் கடன் கழிக்கும் இடம். இராவணன் தன் தாய்க்குச் செய்ததாகக் கதை. அங்கே பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை எழுப்பும் வேலைக்கு 2019இல் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சற்றுத் தூரத்தில், பெரியகுளத்தை அண்டி வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள், விளக்கெரிக்கப் பசுக்கள் முதலியவற்றைத் தானம் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசுகின்றன. தமிழர் வழிபட்ட பௌத்தப் பள்ளி அது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லக்கூடிய ஒருவர் எமது ஊர்களில் இருந்தால், இரண்டு சமூகத்தாருக்கும் நல்லது என்பது எமது எண்ணம்.

மூதூருக்கு வருபவர் குறைவு. ஆயினும் இத்தீவைப் பற்றி ஆங்கிலத்தில் பேர்போன நூலை எழுதிய றொபேட் நொக்ஸ் பிடிபட்டது கொட்டியாரக் குடாவில்தான். புயலில் முறிந்த பாய்மரத்தை மாற்ற வந்த கப்பலில் இருந்தவர், 1660இல் கண்டி அரசனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டு, 19 ஆண்டுகளின் பின் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்பை அடைந்தார். நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. உழவு, சூடடிப்பு என நெற்செய்கையை அதில் விரிவாக எழுதியிருக்கிறார். நெல்லை வட்டிக்குக் கொடுத்துப் பிழைத்தவரும்கூட. கிராமத்தில் இருந்து பார்த்தவனுக்கும் காரில் இருந்து பார்ப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இனி வருமானத்துக்கு வருவோம். வீதியோரத்தில் வாகனம் நிற்க முதலில் வேண்டியது நிழல். அடுத்தது சுத்தமான மலசலகூடம். பொருள் அதன் பிறகுதான். சட்டியில் உறைந்த எருமைத் தயிர், அவித்த சோளன், வறுத்த கச்சான், இளநீர், பனையோலைப் பெட்டி ஆகியவை போதும். விலையை எழுதித் தொங்கவிடுங்கள். வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, எம்மவருக்கு ஒரு விலை என்றால் அந்தச் சாரதி மறுமுறை நிறுத்தமாட்டார். சாரதிக்கு ஒரு தேநீர் கொடுப்பது வீண்செலவல்ல. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்து நடத்தினால் வயல் வேலையும் கெடாது. ஆனால் இதையே முழுப் பிழைப்பாக நம்பிவிட வேண்டாம். 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் எரிபொருள் வரிசை என மூன்று முறை இந்த வீதிகள் வெறிச்சோடியதைப் பார்த்துவிட்டோம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காணி. வாகனம் வரும் வீதியில் நிலத்தின் விலை ஏறும்; அதை வாங்க வருபவர், உரியவர் ஊரில் இல்லாத வேளையைப் பார்த்தே வருவார். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த ஒப்பக் காணியை, அதிகாரியின் எழுத்து மூல அனுமதியின்றி விற்க முடியாது. ஒரு துண்டுக் கடதாசியில் கையெழுத்து வைத்து முற்பணம் வாங்குவது வில்லங்கத்தையே கொண்டுவரும். சம்பூர் மக்கள் 2006இல் வெளியேறினார்கள். அவர்களின் காணியில் 818 ஏக்கர் முதலீட்டுச் சபைக்கு ஒதுக்கப்பட்டு, 2015இல் அவ்வொதுக்கீடு இரத்தான பின்னரே திரும்ப முடிந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. இடம்பெயர்ந்திருக்கும் குடும்பங்கள் ஒப்பம் அல்லது உறுதியின் போட்டோப் பிரதியை வேறொரு வீட்டிலும் வைத்திருங்கள். மூலப் பத்திரம் தொலைந்திருந்தால், ஒப்பக் காணிக்குப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலும், உறுதிக் காணிக்குக் காணிப் பதிவகத்திலும் கேளுங்கள். பேச்சு வார்த்தையில் விடாமல் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியும் முத்திரையும் வாங்கி வாருங்கள்.