ஒரு குருவானவரின் கித்தார்

“கித்தார் ஒன்று வாங்கித் தாருங்கள்” என்று மகன் கேட்டால், நம் குடும்பங்களில் பெற்றோரின் முகம் சற்றே சுருங்குவதுண்டு. படிப்பைக் கெடுக்கும் பொருள் என்றும், சினிமாக்காரர்களின் கருவி என்றும் எண்ணுவோர் திண்டுக்கல் நகரிலும் உளர். சுற்றியுள்ள சமவெளிச் சிற்றூர்களிலும் உளர். வாங்கித் தந்த பின்னரோ, அவன் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதைக் கண்டு, “இந்த மரப்பெட்டியின்மேல் இத்தனை பாசமா?” என்று கேட்கிறோம். இக்கேள்விக்கு ஆஸ்திரிய நாட்டு இளங்குரு ஒருவரின் வாழ்வு அழகிய விடை பகர்கின்றது.

அவர் பெயர் யோசேப் மோர். 1792-ஆம் ஆண்டு சால்ஸ்பர்க் நகரில், பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைத் தாயின் மகனாகப் பிறந்தார். தந்தையின் ஆதரவு அவருக்குக் கிட்டவில்லை. ஆலயப் பாடற்குழுவை நடத்திய குருவானவர் ஒருவர் ஆதரித்துக் கல்வி அளித்தார். மாணவப் பருவத்திலேயே ஆலயங்களில் பாடியும் வயலின் வாசித்தும் வந்த மோர், பின்னர் குருப்பட்டம் பெற்றார். கித்தார் அவருடைய உற்ற துணையாயிற்று.

1817-இல் அவர் ஓபர்ண்டார்ஃப் என்னும் ஆற்றங்கரை ஊருக்கு உதவிக் குருவாக வந்தார். எளிய மக்களோடு கலந்து பழகிப் பாடி மகிழ்ந்த அவருடைய போக்கு அனைவருக்கும் பிடிக்கவில்லை. இளங்குருவுக்கு ஏற்ற ஒழுங்கு இல்லை, பாடும் பாடல்களும் தகுதியானவை அல்ல என்று மேலிடத்திற்கு முறையீடு சென்றது. எனினும் அவர் இசையைக் கைவிடவில்லை.

1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், தாம் 1816-இல் எழுதி வைத்திருந்த கவிதை ஒன்றைப் பள்ளி ஆசிரியரும் ஆர்கன் வாசிப்பவருமான பிரான்ஸ் சேவியர் குரூபரிடம் கொடுத்தார். அன்றிரவே இருவரும் ஆலயத்தில் பாடினர். மோர் கித்தாரும் வாசித்தார். அதுவே உலகமெங்கும் பாடப்படும் ‘சைலன்ட் நைட்’.

ஆர்கனை எலிகள் கடித்துவிட்டதால்தான் வேறு வழியின்றிக் கித்தாரை எடுத்தார்கள் என்றொரு கதை வழங்குகிறது. ஆனால் குரூபர் 1854-இல் எழுதிய வரலாற்றுக் குறிப்பில் எலியும் இல்லை, விபத்தும் இல்லை. இரு குரல்களுக்கும் பாடற்குழுவுக்கும் கித்தாருக்கும் பொருந்த இசையமைக்குமாறு மோரே கேட்டார் என்றுதான் அதில் உள்ளது. ஆக, இல்லாக் குறைக்குக் கித்தார் வந்ததன்று. அன்பினால் அது அழைத்து வரப்பட்டது!

பின்னர் மோர் ஊர் ஊராக மாற்றப்பட்டார். கடைசியாகப் பணியாற்றிய வாக்ரைன் என்னும் மலையூரில் பள்ளிக்கூடம் எழுப்பி, ஏழைப் பிள்ளைகளும் படிக்க வழி செய்தார். தமக்கெனச் சொத்துச் சேர்க்காமலே 1848-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் உயிரோடிருந்தபோது வரைந்த படம் ஒன்றுகூட நமக்குக் கிட்டவில்லை. முகம் மறைந்தது, கித்தார் மறையவில்லை! குரூபர் வாழ்ந்த ஹாலைன் நகரத்து இல்லத்தில் இன்று அமைந்துள்ள காட்சியகத்தில் அது பாதுகாக்கப்படுகின்றது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்தது. வழிபாட்டுக்கு ஏற்றவையாகும் பிற இசைக்கருவிகளையும் உரிய அதிகாரத்தின் இசைவோடு பயன்படுத்த இடமளித்தது. எந்தக் கருவியும் பிறப்பால் இழிந்ததன்று. அது எதற்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி.

எனவே பெற்றோரே, பிள்ளை தன் கித்தாரை நேசிப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். நம் ஊர்க் கோடையில் மரம் காய்ந்து விரிசல் விடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி உப்பும். வியர்வை பட்ட கம்பி துருவேறும். இவற்றையெல்லாம் அறிந்து, நாள்தோறும் துடைத்து, வெயில் படாமல் உறையிலிட்டுக் காக்கும் பிள்ளை, பொறுமையையும் பொறுப்பையும் பயில்கின்றான். ஆனால் காப்பதோடு அவன் அன்பு நின்றுவிடலாகாது. பூட்டி வைத்த கித்தார் வெறும் மரமே. மாலைச் செபத்திற்குப் பின் ஒரு பாடல் வாசிக்கச் சொல்லுங்கள். நோயுற்ற பாட்டியின் கட்டிலருகே வாசிக்கச் சொல்லுங்கள். பங்கின் பாடற்குழுவிற்கு அனுப்பி வையுங்கள். தான் நேசித்த கருவியைப் பிறர் மகிழ்வுக்காக எடுத்துச் சென்றார் மோர். அத்தகைய நேசம் வீணாவதில்லை.