வீட்டில் யோகப் பயிற்சி: முதல் நான்கு வாரங்கள்

"டாக்டர், வீட்டிலேயே யோகா செய்யலாமா?" புறநோயாளிப் பிரிவில் இக்கேள்வியை நாங்கள் கேட்காத நாள்கள் குறைவு. வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி ஆகிய ஊர்களிலிருந்து எங்களிடம் வருவோரில் பலர் சர்க்கரை நோய்க்கோ இரத்தக் கொதிப்புக்கோ தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்கள். காலை மின்ரயிலில் வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்புவோர்க்கு வகுப்புக்குச் செல்ல நேரமில்லை. முதியோர் பலருக்கு வெளியே சென்று வரத் துணையில்லை. எனவே, கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துக் கூடத்தில் பாயை விரித்துத் தொடங்கிவிடுகின்றனர்.

செய்யலாம் என்பதே எங்கள் விடை. ஆனால், வீட்டில் தானாகத் தொடங்குவோர் இரண்டு தவறுகளைச் செய்வதைக் காண்கிறோம். தம் உடல்நிலையை எண்ணாமல் காணொளியில் காணும் ஆசனத்திலிருந்து தொடங்குவது முதல் தவறு. சில வாரங்களில் உடல் இலேசானதும் மாத்திரையை நிறுத்திவிடுவது இரண்டாவது தவறு.

இரண்டாவதே பெருந்தீங்கு தருவது. உறக்கம் நன்றாக வருகிறது, படபடப்பு குறைகிறது, "இனி மருந்து எதற்கு?" என்று தோன்றுகிறது. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. நலமாக இருப்பதாக உணர்வதும் அழுத்தம் கட்டுக்குள் இருப்பதும் ஒன்றல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சில மாதங்கள் கழித்துப் பக்கவாதத்துடன் வருவோரைக் காணும்போது எங்களுக்கு நேரும் வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

யோகம் எதைத் தரும், எதைத் தராது?

மாரடைப்பிலிருந்து மீண்டவர்களிடம் இந்தியாவில் ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. 24 மருத்துவமனைகளைச் சேர்ந்த 3,959 நோயாளிகள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் மூச்சுப்பயிற்சி, தியானம், தேர்ந்தெடுத்த எளிய ஆசனங்கள் ஆகியவை கற்பிக்கப்பட்டன. மற்றப் பிரிவினர் வழக்கமான சிகிச்சையும் அறிவுரையும் பெற்றனர். 2020-இல் வெளியான முடிவுகளின்படி, யோகப் பிரிவினர் மாரடைப்புக்கு முன்பு செய்துவந்த அன்றாட வேலைகளுக்குத் திரும்புவதில் முன்னேற்றம் கண்டனர். தம் உடல்நலம் மேம்பட்டிருப்பதாகவும் உணர்ந்தனர். அதே வேளையில் மரணம், மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகளின் எண்ணிக்கையில் இரு பிரிவினருக்கும் இடையே உறுதியான வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவின் இரு பகுதிகளையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். முறையாகக் கற்பிக்கப்படும் யோகம் நோயாளியின் வாழ்வை எளிதாக்குகிறது. மருந்து செய்யும் வேலையை அது செய்துவிடும் என்று கருத இடமில்லை. அது மருந்துக்குத் துணை, மாற்று அன்று.

ஆளுக்கேற்ற பயிற்சி

யோகம் என்றாலே தலைகீழாக நிற்பதும் காலைக் கழுத்தில் போடுவதும்தான் எனப் பலர் எண்ணி அஞ்சுகின்றனர். சென்னையில் வாழ்ந்து 1989-இல் மறைந்த யோக ஆசான் தி. கிருஷ்ணமாச்சாரியாரும், 1976-இல் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவிய அவர் மகன் தேசிகாச்சாரும் வலியுறுத்திய கருத்து வேறு. வயது, வலிமை, நோய் ஆகியவற்றுக்கேற்பப் பயிற்சியை மாற்ற வேண்டும். மனிதரைப் பயிற்சிக்கேற்ப வளைக்கக் கூடாது. ஒவ்வோர் அசைவும் மூச்சோடு இணைந்து நிகழ வேண்டும் என்பதும் அவர்கள் கற்பித்த நெறி. மருத்துவர் என்ற நிலையில் நாங்களும் இதையே பரிந்துரைக்கிறோம். மூச்சு சீராக இருக்கும் வரை அசைவு உங்களுக்கு ஏற்றது. மூச்சு திணறினாலோ, அடக்க நேர்ந்தாலோ, ஒரு முழு வாக்கியத்தைப் பேச இயலாமல் போனாலோ அது அன்றைக்கு உங்களுக்கு மிகையானது.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இரத்தக் கொதிப்பு: ஓய்வாக அமர்ந்திருக்கையில் அளவு 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் முதலில் மருத்துவரைக் காணுங்கள். கட்டுக்குள் இருப்போரும் மூச்சை உள்ளே அடக்குதல், வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, தலை கீழாக அமையும் ஆசனங்கள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கண் நோய்: கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றைச் செய்யக் கூடாது. சிரசாசனத்தின்போது கண்ணின் அழுத்தம் ஏறத்தாழ 2 மடங்காக உயர்வதைச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அண்மையில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் எப்போது குனியலாம் என்பதைக் கண் மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

சர்க்கரை நோய்: இன்சுலின் அல்லது சர்க்கரையை மிகவும் குறைக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் நீண்ட நேரம் பயிற்சி செய்யக் கூடாது. சர்க்கரை அளவு 100-க்குக் கீழ் இருந்தால் சிறிது உணவு உட்கொண்ட பின் தொடங்குங்கள். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் தோன்றினால் 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து அருந்துங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் பயிற்சி செய்த பின் உள்ளங்கால்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எலும்பும் மூட்டும்: எலும்புத் தேய்வு உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்னே குனிவதைத் தவிர்க்க வேண்டும், முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு வஜ்ராசனமும் பத்மாசனமும் ஏற்றவை அல்ல. இதய அறுவை, குடலிறக்கம், கருவுற்ற நிலை ஆகியவற்றில் தனி அறிவுரை தேவை.

இடமும் நேரமும்

டைல்ஸ் தரையில் கோரைப்பாயும் ஜமக்காளமும் வழுக்கும். வழுக்காத விரிப்பைச் சுவர் ஓரமாக விரியுங்கள். நாற்காலி நான்கு கால்களும் உறுதியாக நிற்பதாக, சக்கரமற்றதாக இருக்கட்டும். அதைச் சுவரில் முட்டுக்கொடுத்து வையுங்கள். முழு உணவுக்குப் பின் 3 மணி நேரமும், சிற்றுண்டிக்குப் பின் ஒன்றரை மணி நேரமும் இடைவெளி விடுங்கள். அதிகாலையே சிறந்தது என்பது உண்மையே. எனினும் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் செய்யும் காலைப் பயிற்சியைவிட அமைதியாகச் செய்யும் மாலைப் பயிற்சியே நன்று. கோடையில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

முதல் நான்கு வாரங்கள்

முதல் வாரம், மூச்சு மட்டும், 10 நிமிடங்கள். நாற்காலியில் பாதங்கள் தரையில் பதிய நிமிர்ந்து அமருங்கள். மூக்கின் வழியே 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். கடினமாக இருந்தால் 3, 4 என எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். இடையில் அடக்க வேண்டாம். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. ஆகவேதான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறோம்.

இரண்டாம் வாரம், அமர்ந்த அசைவுகள், 15 நிமிடங்கள். மூச்சை இழுக்கும்போது கைகளை வலியில்லாத உயரம் வரை தூக்குங்கள், விடும்போது இறக்குங்கள். 6 முறை போதும். பின்னர் கழுத்தை மெல்ல இருபுறமும் திருப்புதல், கணுக்காலைச் சுழற்றுதல்.

மூன்றாம் வாரம், நின்ற நிலை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தாடாசனத்தில் நின்று, குதிகாலை 6 முறை உயர்த்தித் தாழ்த்துங்கள். அடுத்து, பிடித்தபடியே ஒரு காலில் 10 விநாடி நில்லுங்கள். முதியோர் கீழே விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சி இது.

நான்காம் வாரம், படுத்த நிலை சேரும். மொத்தம் 25 நிமிடங்கள். தரையில் அமர இயலாதவர்கள் கட்டிலிலேயே செய்யலாம். மூச்சை விடும்போது ஒரு முழங்காலை மார்பை நோக்கிக் கொண்டுவந்து, இழுக்கும்போது நீட்டுங்கள்; காலுக்கு 4 முறை. இறுதியில் 5 நிமிடம் சவாசனம். எழும்போது அவசரம் கூடாது. கொதிப்பு மாத்திரை உண்பவர்களுக்குச் சட்டென எழுந்தால் தலைசுற்றும். பக்கவாட்டில் திரும்பி, எழுந்து அமர்ந்து, ஒரு நிமிடம் கழித்து நில்லுங்கள்.

இப்பயிற்சி நடைக்கு ஈடாகாது. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு தேவை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நடக்க இயன்றவர்கள் நடையையும் தொடருங்கள்.

மார்பில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல், மயக்கம், ஒருபக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி 108 எண்ணை அழையுங்கள். "சற்று நேரத்தில் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.

உடனிருந்து பேணுவோருக்கு

அம்மாவோ அப்பாவோ பயிற்சி செய்கையில் அருகில் இருங்கள். உடலை அழுத்தவோ இழுக்கவோ செய்யாதீர்கள். மூச்சின் எண்ணிக்கையைச் சொல்லிக்கொடுப்பதே நல்ல உதவி. எண்ணும்போது நீங்களும் சேர்ந்து மூச்சுவிடுங்கள். இரவெல்லாம் விழித்திருந்து பேணுவோரின் களைப்பையும் முதுகுவலியையும் நாங்கள் அறிவோம். அந்த 10 நிமிடங்கள் உங்களுக்கும் உரியவை. நோயாளியைத் தூக்கி அமர்த்தும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, மூச்சை வெளிவிட்டபடி தூக்குங்கள்.

ஆசானிடம் நேரில் கற்க விரும்புவோர்க்கு அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. எங்கு கற்றாலும் உங்கள் நோய்களையும் மருந்துகளையும் முதல் நாளே ஆசிரியரிடம் கூறிவிடுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வீட்டுக் காலண்டரில் பயிற்சி செய்த நாள்களைக் குறித்து, வாரம் இருமுறை இரத்த அழுத்தத்தை அளந்து அருகில் எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது அத்தாளையும் மாத்திரைப் பட்டியலையும் கொண்டுவாருங்கள். அளவுகள் தொடர்ந்து குறைந்திருந்தால் மருந்தைக் குறைக்க இயலுமா என்பதை உங்களுடன் அமர்ந்து நாங்களே ஆராய்வோம். அதுவரை காலை மாத்திரையும் காலைப் பயிற்சியும் ஒன்றாகவே தொடரட்டும்.