கட்சிகள் பிறந்த கதை – 9
வேப்பேரியில் திறந்த கதவு, புதுக்கோட்டையிலிருந்து வந்த பெண்

1916 நவம்பர் 20 அன்று சென்னை வேப்பேரியில் எத்திராஜ முதலியார் வீட்டில் கூடியவர்களோடு சென்ற வாரம் நின்றோம். டாக்டர் டி.எம். நாயர், பிட்டி தியாகராயர், டாக்டர் சி. நடேசனார் ஆகியோர் முன்னின்று தொடங்கிய அமைப்புக்குத் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்று பெயர். 1917 பிப்ரவரியில் அவர்கள் தொடங்கிய 'ஜஸ்டிஸ்' நாளிதழின் பெயரே கட்சிக்கும் ஒட்டிக்கொண்டது; தமிழில் அது நீதிக்கட்சி.

சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் அவர்கள் லிபரல் என்ற சொல்லை எடுத்துக்கொண்ட காலத்தில் பிரிட்டனின் கூட்டணி அரசுக்குத் தலைமை தாங்கியது லிபரல் கட்சிப் பிரதமர்தான். முதியோர் ஓய்வூதியமும் தொழிலாளர் காப்பீடும் கொண்டுவந்த கட்சி அது. எடின்பரோவில் மருத்துவம் படித்த நாயருக்கு அந்த அரசியல் நன்றாகத் தெரியும். அங்கே பிறப்பால் வந்த சலுகைக்கும் சொத்துக்கும் எதிராக எழுந்த கேள்வி, இங்கே சாதியைப் பார்த்துத் திரும்பியது. படிப்பிலும் அரசு வேலையிலும் எங்கள் பங்கு எங்கே என்று கேட்டார்கள். நடேசனார் அதற்கு முன்பே, வெளியூரிலிருந்து படிக்க வரும் பிராமணரல்லாத மாணவர்களுக்காகத் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்திக்கொண்டிருந்தார். அந்த விடுதியை நான் கட்சியின் முதல் சாதனையாகவே எண்ணுகிறேன்.

காங்கிரஸ் புறக்கணித்த 1920 தேர்தலில் 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்குக் கிடைத்தன. வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அதிலும் புதுக்கோட்டைக்காரர்கள் சேரவில்லை. தொண்டைமான் மன்னரின் சமஸ்தானமாக இருந்ததால், திருச்சிக்காரருக்கு இருந்த வாக்கு பக்கத்திலேயே இருந்த புதுக்கோட்டைக்காரருக்கு இல்லை. 1902இல் பிரதிநிதி சபையும் 1924இல் சட்டசபையும் சமஸ்தானத்தில் வந்தன. ஆனால் திவான் பதில் சொல்ல வேண்டியிருந்தது மன்னருக்குத்தான், சபைக்கு அல்ல.

அந்த மண்ணில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் பெண்ணைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து முத்துலட்சுமி டாக்டராக வெளியே வந்தார்.

1921இல், நீதிக்கட்சி ஆட்சியில், சென்னை சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். பெண்கள் சபையில் உட்காரவும் வழி பிறந்த பிறகு முத்துலட்சுமி நியமன உறுப்பினராக உள்ளே வந்தார், துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி அல்ல, டாக்டர் சுப்பராயன் அமைச்சரவை. இருந்தாலும் 1921இன் முடிவு இல்லாமல் அந்த நாற்காலியை நினைத்துப் பார்க்க முடியாது.

1927 நவம்பரில், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் சுயராஜ்யக் கட்சியின் எஸ். சத்தியமூர்த்தி. அவரும் புதுக்கோட்டைச் சீமைக்காரர்தான். திருமயத்தில் 1887இல் பிறந்து அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். வெள்ளையர் ஆட்சியை நடுங்கவைத்த அந்தப் பேச்சாற்றலை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த விவாதத்தில் நியாயம் முத்துலட்சுமி பக்கம்தான் இருந்தது. தன் தாயின் குடும்பம் எதைச் சுமந்தது என்று அறிந்தவர் அவர்.

தேவதாசிகள் பலருக்குக் கோயில் ஊழியம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு மானிய நிலம் இருந்தது. பொட்டு இல்லாவிட்டால் நிலம் இல்லை. சோற்றுக்கு வழி அடைபடும் என்றால் எந்தக் குடும்பம் மகளை விடுவிக்கும்? எனவே முத்துலட்சுமி முதலில் நிலத்தில் கை வைத்தார். பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது பெரும் எதிர்ப்புக்கிடையே உருவாக்கிய இந்து அறநிலையச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. 1929இல் அதற்கே ஒரு திருத்தம் வந்தது. ஊழிய நிபந்தனை நீங்கி, நிலம் அந்தப் பெண்களிடமே நின்றது. கோயில் நிர்வாகத்தில் அரசு தலையிட முடியும் என்று நீதிக்கட்சி நிலைநாட்டியிருக்காவிட்டால் இந்தத் திருத்தத்துக்கு இடமே இருந்திருக்காது.

ஆனால் கட்சி திறந்த கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்புக் கலவரமாக மாறியபோது, ஆதிதிராவிடர்களுக்கு எதிராகக் கட்சித் தலைவர்கள் சிலர் பேசினார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா 1923இல் கட்சியைவிட்டு வெளியேறினார். அந்தக் காயத்தை நீதிக்கட்சி ஆற்றவே இல்லை. ஜமீன்தார்களும் செல்வர்களும் மேடையை நிறைத்திருந்த கட்சிக்கு, சேரியிலிருந்து வந்த குரல் காதில் விழவில்லை.

பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்குள் நீதிக்கட்சி 1937 தேர்தலில் படுதோல்வி கண்டு, 1944இல் சேலத்தில் திராவிடர் கழகமாகிவிட்டது. 1937இல் அதை வீழ்த்தத் தமிழகமெங்கும் மேடை மேடையாகப் பேசியவர், திருமயம் சத்தியமூர்த்தி.

அந்தத் தேர்தலின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)