பழைய சைக்கிள் பெயின்ட்: எதுவரை உரிக்கலாம்?

"வீட்ல தாத்தாவோட ஹெர்குலிஸ் கிடக்கு. பெயின்ட் பூரா உரிச்சுட்டு புதுசா அடிக்கணும். என்ன போட்டா சீக்கிரம் போகும்?" இந்தக் கேள்வியை இதுவரை நாலைந்து நண்பர்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதுவரை உரிக்கப் போறீங்க?

1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய கறுப்பு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஃப்ரேம், சாதாரண எஃகுக் குழாய்களை லக் எனப்படும் இணைப்புகளில் சொருகி பித்தளையால் பற்றவைத்தது. மேலே இருப்பது சூளையில் சுட்டு இறுக வைத்த எனாமல். அதற்கு மேல் நாற்பது ஐம்பது வருஷத்தில் யார் யாரோ பிரஷ்ஷால் அடித்த பச்சை, நீலம், சில்வர். ஆக, ஒரு ஃப்ரேம் மேல் குறைந்தது இரண்டு வகைப் பெயின்ட் இருக்கும். இரண்டும் வேதியியலில் வேறு வேறு ஜாதி. இந்த வித்தியாசம்தான் நமக்குச் சாதகம்.

முதல் வேலையா, பெடல் இருக்கும் இடத்துக்குக் கீழே, வெளியே தெரியாத ஒரு மூலையில் 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் லேசாகவும் தேய்க்கணும். மர வளையம் மாதிரி ஒவ்வொரு பெயின்டும் ஒரு வளையமாகத் தெரியும். அருங்காட்சியகங்களில் பழைய பொருட்களைப் பராமரிப்பவர்கள் செய்யும் அதே முறைதான். எங்க தொழில் பாஷையில் சொன்னால், இது கிட் லாக். ஆனால் இங்கே ரிவர்ட் கிடையாது, உரித்தது உரித்ததுதான்.

அடுத்து, தின்னரில் நனைத்த பஞ்சை அதே இடத்தில் ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். கலர் கரைந்து பஞ்சில் ஒட்டினால் அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், பட்டறைகளில் 'டூகோ' என்பார்கள். அது காய்ந்தபின்னும் தன் கரைப்பானில் திரும்பக் கரையும். கரையாமல் சுருங்கி வீங்கினால் கடையில் டப்பாவில் விற்கும் சிந்தடிக் எனாமல். இரண்டும் இல்லாமல் பளபளப்பு மாறாமல் இருந்தால், அதுதான் சூளையில் சுட்ட பழைய எனாமல். சூட்டில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோலப் பிணைந்துவிட்டதால் தின்னருக்கு உள்ளே நுழைய இடம் குறைவு.

இதனால் என்ன லாபம்? பொறுமையாகப் போனால் மேலே அடித்ததை மட்டும் கழற்றி, கீழே உள்ள கறுப்பையும், சில வண்டிகளில் கையால் இழுத்த தங்கக் கோட்டையும் காப்பாற்றலாம். கோடு சூளையில் சுடாத பெயின்டாக இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் அந்த இடத்தில் பஞ்சை நிறுத்தி நிறுத்தி வைக்கணும். என் கருத்து: கறுப்பு முக்கால்வாசி நன்றாக இருந்தால் அதைத் தொடவே கூடாது. புதுசா அடிக்கும் எந்தப் பெயின்டும் அந்தச் சூளை எனாமல் அளவுக்கு ஒட்டாது. துரு உள்ளே ஊர்ந்து எனாமலையே தூக்கிவிட்டிருந்தால்தான் இரும்பு வரை போகணும்.

அப்படிப் போகும்போது பலரும் கையில் எடுப்பது கிரைண்டரில் மாட்டிய கம்பி பிரஷ். வேகமாத்தான் போகும், ஆனால் பிரச்சனை தூசி. பழைய பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம்: மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களுக்கு ஈயக் குரோமேட்டும், சீக்கிரம் காய்வதற்கு ஈய உப்புகளும் சேர்ப்பது வழக்கம். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்டுக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு வந்ததே 2016-ம் வருஷ விதியில்தான். குழந்தைகளின் ரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம். மொட்டை மாடியில் நீங்கள் தேய்த்த தூசி, அங்கே காயப்போட்ட துணியிலும் தவழும் குழந்தையின் கையிலும் போய்ச் சேரும். அதனால் உலர்ந்த தேய்ப்பு வேண்டவே வேண்டாம். எப்போதும் தண்ணீர் விட்டுத்தான். வழியும் சகதியைப் பழைய பேப்பரில் பிடித்து மூடிபோட்ட டப்பாவில் போடுங்கள். உரித்ததைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திடாதீங்க.

ஹீட் கன்? பித்தளை இணைப்பு உருக சுமார் 900 டிகிரி வேணும், அதனால் ஃப்ரேமுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சூடு கூடினால் ஈயம் புகையாகக் கிளம்பும். அமெரிக்க வீட்டுவசதித் துறை ஈயப் பெயின்டுக்கு வைத்த உச்சவரம்பு 1100 ஃபாரன்ஹீட், அதாவது 590 டிகிரி செல்சியஸ் வாக்கில். நான் அதற்கும் வெகு கீழேயே நிறுத்துவேன்.

ஹார்டுவேர் கடை பெயின்ட் ரிமூவர் பலவற்றில் வேலை செய்வது மெத்திலீன் குளோரைடு. சின்ன மூலக்கூறு, பெயின்டுக்குள் புகுந்து வீங்கவைத்து இரும்பிலிருந்து பிய்த்துவிடும். இதன் கொதிநிலை சுமார் 40 டிகிரி. சென்னையில் மே மாசத்து வெயில்! தடவிய கையோடு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தங்கும். உடம்புக்குள் போனால் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். குளியல் தொட்டிகளின் பூச்சை இதை வைத்து உரித்த தொழிலாளர்கள் அமெரிக்காவில் இறந்திருக்கிறார்கள். 2019-ல் அங்கே பொதுமக்களுக்கு இதை விற்பதையே தடை செய்தார்கள். சாதாரண ரப்பர், நைட்ரைல் கையுறைகளையும் சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும். நான் வீட்டில் இதை வைத்துக்கொள்வதில்லை.

எனக்குப் பிடித்தது காஸ்டிக் சோடா. எண்ணெய் அடிப்படையிலான பெயின்டைச் சோப்பாக மாற்றிவிடும், எஃகை ஒன்றும் செய்யாது. ஃப்ரேமை முக்கி எடுக்க வாளி பத்தாது என்பதால், மைதாவோ சோளமாவோ கலந்து பசையாக்கித் தடவலாம். காஸ்டிக் பட்டதும் மாவு அடுப்பில்லாமலே கெட்டியாகிவிடும். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் முழங்கை வரை தடித்த ரப்பர் கையுறையும் கட்டாயம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அலுமினியத்தை இது கரைத்து ஹைட்ரஜனை விடும், எனவே அலுமினிய பேட்ஜ் இருந்தால் முதலிலேயே கழற்றணும். அலுமினிய ஃப்ரேம் என்றால் இந்த வழியே கிடையாது. பவுடர் கோட்டிங்கிலும் இது பெரிசா எடுபடாது.

பெடல் அச்சின் கப்புகளையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். செயின் பக்கத்துக் கப்பில் இருப்பது இடது மரை. வழக்கமான திசையில் முறுக்கினால் இன்னும் இறுகத்தான் செய்யும். சீட் பக்கத்தில் அடித்திருக்கும் ஃப்ரேம் நம்பரைச் சுரண்டாமல் துணியால் மட்டும் துடையுங்கள், வண்டிக்கு இருக்கும் ஒரே அடையாளம் அதுதான்.

பசையைக் கழுவும்போது குழாய்களுக்குள்ளும் நிறைய தண்ணீர் விட்டு, பெடல் பகுதி கீழே இருக்குமாறு தொங்கவிட்டால் வடிந்துவிடும். அதன்பிறகு நேரம்தான் எதிரி. கடலோர ஊரில் வெறும் எஃகு கண்ணெதிரே பழுக்கும். துணியால் ஒத்தி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் பூசினால் மேலே இரும்பு பாஸ்பேட் படலம் உருவாகும், அடுத்த பூச்சு அதில் நன்றாகப் பிடிக்கும். டப்பாவில் சொன்ன நேரம் விட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர். பயப்பட வேண்டாம், ரெட் ஆக்சைடு வெறும் இரும்பு ஆக்சைடுதான். ஈயச் செந்தூரம் வேற, அது இன்னும் பளிச்சென்ற ஆரஞ்சு. தேய்க்கும்போது அந்த நிறம் அடியில் எட்டிப்பார்த்தால், அங்கேயே கையை நிறுத்திடுங்க.