குதிருக்குள் ஒளிந்திருக்கும் நஞ்சு

சொர்ணவாரி அறுவடை வேளையில் திருப்புலிவனத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். முந்திய நான்கு நாட்களாக இரவுதோறும் மழை. களத்தில் குவித்திருந்த நெல்லைத் தார்ப்பாயால் மூடியிருந்தும் அடிப்புறமாக நீர் புகுந்துவிட்டது. திண்ணையில் பரப்பியிருந்த நெல்லிலிருந்து ஒரு புளித்த வாடை வீசிற்று. ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். சில மணிகள் கறுத்திருந்தன. சிலவற்றின்மேல் மஞ்சளும் பசுமையும் கலந்த தூள் படிந்திருந்தது.

"காய வைத்துப் புழுக்கிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா, சாமி?" என்று அவ்வீட்டம்மாள் கேட்டார்கள்.

மூன்று மூட்டை நெல். அக்குடும்பத்தின் ஏறத்தாழ மூன்று மாத உணவு. குருமடத்தில் எங்களுக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள். நெற்பூசணத்தைப் பற்றி ஒருவரும் கற்பிக்கவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன், அம்மா. அதுவரை உலையில் இட வேண்டாம்" என்று மட்டும் கூறித் திரும்பினேன். விசாரித்ததில் அறிந்துகொண்டவற்றை நம் குடும்பங்கள் அனைத்துமே அறிந்திருப்பது நல்லது என்று தோன்றியதால் இங்கு எழுதுகிறேன்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே அவற்றிற்குத் தீவனமாக இடப்பட்டிருந்தது. ஆராய்ந்தபோது, அப்பிண்ணாக்கில் வளர்ந்திருந்த 'ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்னும் பூசணம் ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது தெரியவந்தது. பூசணத்தின் பெயரைச் சுருக்கியே அந்நஞ்சிற்கு 'அஃப்ளாடாக்சின்' என்று பெயரிட்டார்கள்.

வான்கோழிகளோடு அது நின்றிருந்தால் நாம் கவலைப்பட வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டத்திலும், அதை அடுத்துள்ள குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும், மலைவாழ் மக்களின் சிற்றூர்கள் பலவற்றில் ஒரு கொடிய காமாலை பரவிற்று. கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, ஏறத்தாழ 400 பேர் நோயுற்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தொற்றுக் காமாலை என்றால் அது ஏழை, செல்வர் என்று பாராது. இதுவோ மக்காச்சோளத்தையே அன்றாட உணவாகக் கொண்ட வீடுகளை மட்டும் தேடித் தாக்கிற்று. வேறு தானியம் வாங்கி உண்ண வசதியுள்ள வீடுகள் தப்பின. இன்னொரு குறிப்பும் கிடைத்தது. வீட்டில் மிஞ்சிய உணவைத் தின்ற நாய்களும் அதேபோல வயிறு வீங்கி மாண்டன. தொற்றுநோய் என்று கூறிச் செல்வதற்கு இந்நாய்கள் இடம் கொடுக்கவில்லை.

ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனத்திலிருந்து மருத்துவர் கிருஷ்ணமாச்சாரியும் அவருடைய துணைவர்களும் அவ்வூர்களுக்குச் சென்று, வீடுகளில் இருந்த சோளத்தைச் சேகரித்துச் சோதித்தார்கள். அறுவடைக் காலத்தில் மழை பெய்து, ஈரம் உலராமலே சேமிக்கப்பட்ட சோளம் அது. அதில் ஒரு கிலோவிற்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருந்தது. அவர்களது கட்டுரை 1975இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. பூசணத்தைக் கண்டும் அம்மக்கள் அதை உண்டது அறியாமையால் மட்டும் அன்று. வீட்டில் வேறு தானியம் இல்லை.

இந்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்று நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தானியங்களில் அனுமதிக்கும் உச்ச அளவு, ஒரு கிலோவிற்கு 15 மைக்ரோகிராம். அதாவது ஒரு டன் அரிசியில் 15 மில்லிகிராம். பெரிய மூட்டைகளாய்ப் பதின்மூன்று மூட்டை அரிசியில், ஒரேயொரு அரிசியின் எடைக்கும் குறைவான நஞ்சு! பான்ஸ்வாடாச் சோளத்தில் இருந்ததோ அந்த எல்லையைப்போல் 400 முதல் 1,000 மடங்கு.

இவ்வளவு நுண்ணிய பொருளை எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள்? இக்கலையில் கடினமான பகுதி கருவியில் இல்லை, மாதிரி எடுப்பதில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரும் வியப்பு. நஞ்சு மூட்டை முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான மணிகளுக்கிடையே ஏதோ சில மணிகளிலேயே குவிந்திருக்கும். மேலாக ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்தால் குற்றமற்றது என்றே முடிவு வரக்கூடும். ஆகவே பல மூட்டைகளில், மேலும் நடுவிலும் அடியிலும், இரும்புக் குழலைக் குத்தித் தானியம் எடுத்து, அனைத்தையும் ஒன்றாய்க் கலந்து, மாவாக அரைத்து, அதிலிருந்து ஒரு பங்கைப் பிரிக்கிறார்கள். பிறகு மெத்தனாலும் நீரும் கலந்த கரைசலில் அம்மாவைக் குலுக்கி நஞ்சைப் பிரித்தெடுத்து வடிகட்டுகிறார்கள்.

பழைய முறையில், சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டில் அவ்வடிநீரின் ஒரு துளியை வைத்து, தகட்டின் அடியை ஒரு திரவத்தில் நிறுத்துவர். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் திரவம் மேலேறும்போது துளியிலுள்ள பொருள்கள் தனித்தனியே பிரிந்து நிற்கும். இருட்டறையில் புற ஊதா விளக்கின்கீழ் அத்தகட்டைப் பிடித்தால், நஞ்சு நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். நீலமாய் ஒளிர்வதற்கு 'பி' என்றும், பச்சையாய் ஒளிர்வதற்கு 'ஜி' என்றும் பெயர். அந்நிறங்களின் ஆங்கிலப் பெயர்களிலுள்ள முதலெழுத்துக்களே அவை. இவற்றுள் 'பி-1' மிகக் கொடியது. ஈரலில் புற்றுநோயை விளைவிப்பது. இப்பொழுது இன்னும் துல்லியமான கருவிகளும், சில நிமிடங்களில் விடை கூறும் சோதனைப் பட்டைகளும் வந்துவிட்டன. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கோழித் தீவனத்தைச் சோதிப்பதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. முட்டையிடும் கோழிக்குக் கிடைக்கும் இப்பாதுகாப்பு நம் வீட்டுக் குதிருக்குக் கிடைப்பதில்லை.

அவ்வம்மாளின் கேள்விக்கு விடை இதுதான்: சோறு கொதிக்கும் வெப்பத்தில் பூசணம் மடியும், அது விட்டுச்சென்ற நஞ்சு பெரும்பாலும் மடிவதில்லை. வெயிலில் உலர்த்தினால் மேலும் வளராது. ஏற்கெனவே சுரந்தது அங்கேயே இருக்கும். உமி போர்த்தியிருப்பதால் நெல்லுக்கு இந்த ஆபத்து மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும்விடக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். வீண் அச்சம் வேண்டாம். நிலக்கடலையில்தான் நாம் கண்ணுங்கருத்துமாய் இருக்க வேண்டும். சுருங்கிய, கறுத்த, சொத்தைப் பருப்பைப் பொறுக்கித் தனியே வைப்பது சரிதான். அதைச் செக்கில் ஆட்டிப் பிண்ணாக்கைப் பசுவிற்கு வைத்தால், நஞ்சின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வரும். அதைக் குடிப்பது நம் குழந்தை.

வேறு தானியங்களுக்கு வேறு பூசணங்கள். கம்பில் வரும் தேனொழுகல் நோய் நம் விவசாயிகள் அறிந்ததே. விதைக்கு முன் கம்பை உப்புநீரில் இட்டு மிதப்பனவற்றை நீக்குவது அதற்காகவே. 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கட் காட்டில் பூசணம் பிடித்த வரகை மேய்ந்த 10 யானைகள் மாண்டன. பரேலியிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றின் உடலில் வேறொரு பூசண நஞ்சைக் கண்டறிந்தது. யானைக்கே அக்கதி.

தேனொழுகலின் உறவினமான ஒரு பூசணம் இடைக்கால ஐரோப்பாவில் ரை என்னும் தானியத்தைப் பிடித்து, அப்பம் உண்ட ஏழைகளின் கைகால்களைக் கருகச் செய்தது. எரிச்சல் தாங்காத அந்நோய்க்கு 'அந்தோணியார் நெருப்பு' என்று பெயர். நாம் ஜனவரி 17ஆம் நாள் விழா எடுக்கும் வனத்து அந்தோணியாரே அவர். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் பெயரால் பிரான்சில் எழுந்த துறவற சபையினர் மருத்துவமனைகள் அமைத்து இந்நோயாளரைப் பேணினர். அங்கு வந்தவர்கள் பலர் குணமடைந்ததற்குத் துறவியரின் பரிவோடு, அங்கே அளிக்கப்பட்ட தூய அப்பமும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். புனிதரின் மகிமைக்கு அதனால் குறைவொன்றும் இல்லை என்பது என் எண்ணம். பசித்தவனுக்கு நல்ல அப்பம் கொடுத்தவர்கள் அவருடைய பிள்ளைகள் அல்லவா?

வருமுன் காப்பதற்கு வழி எளியது, ஆனால் மழைக்காலத்தில் அரியது: உலர்த்துவது. கொள்முதலுக்கு 17 விழுக்காடு ஈரப்பதம் என்பது பொதுவான வரம்பு. குதிரில் வைப்பதற்கு 14க்கும் கீழே இறங்க வேண்டும். பெரியவர்கள் நெல்லைப் பல்லில் கடித்து, 'டக்' என்று உடையும் ஓசையால் அறிந்தார்கள். மூட்டைகளைச் சுவரோடு ஒட்டாமல், தரையில் படாமல் பலகைமேல் அடுக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

திருப்புலிவனத்து நெல்லுக்கு வருகிறேன். பங்கில் வேளாண்மை படித்த இளைஞர் ஒருவர் முறையாக மாதிரி எடுத்து ஓர் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார். விடை வர இரண்டு வாரம் ஆயிற்று. நஞ்சு எல்லையை மீறியிருந்தது.

அதற்குள் தீவன வியாபாரி ஒருவர் அம்மூன்று மூட்டையையும் விலைக்குக் கேட்டிருந்தார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன் அம்மாள், "அதைத் தின்னும் மாட்டிலும் யாரோ பால் கறப்பார்கள்" என்றார்கள். நெல் எருக்குழிக்குப் போயிற்று. நம் பங்கின் பிடியரிசிப் பானைகளிலிருந்து சேர்ந்த அரிசியை அவ்வீட்டிற்கு அனுப்பினோம். சம்பா அறுவடையில் அளந்து திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் பெற்றுக்கொண்டார்கள்.